பாலாற்று வெள்ளம் விண்ணிலிருந்து தெரிந்ததா?

ஆற்காட்டு வாசகர் எழுதியது, 6 ஜனவரி 2024

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வாரத்துக்குரிய கடல் உப்புத்தன்மைப் படம் ஒன்றைப் பார்த்தேன். பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரை கரையோரமாக உப்புக் குறைந்த நீர் ஒரு பட்டையாக நீண்டிருந்தது. அது நம் பாலாற்று நீர்தான் என்பது என் கருத்து. அமேசான் ஆறு கடலில் கலப்பதைச் செயற்கைக்கோள் காட்டுகிறது என்றால், நூறு ஆண்டுகளில் காணாத பாலாற்று வெள்ளத்தையும் காட்டியிருக்கும் அல்லவா? அறிந்தவர்கள் சொல்லுங்கள் ஐயா.

7 ஜனவரி 2024, காலை

தெரிந்தது என்றே நினைக்கிறேன். அந்த நவம்பர் 19ஆம் நாள் வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையே ஆற்றைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடி அளவுக்குப் போகிறது என்றார்கள். 1903க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்று என் பக்கத்தில் இருந்தவர், 1903ஐ நேரில் பார்த்தவர் போலவே சொன்னார். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வது வழக்கம். 1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலில் லிங்கம் மறுபடி எழுந்தருளியதும் அந்தக் கேலியின் கடைசிப் பகுதி போயிற்று. அன்றைக்கு முதற்பகுதியும் போயிற்று.

நீங்கள் சொன்ன படத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு கடலில் கலக்கும் வயலூருக்கு நேர் கிழக்கே நிறம் மிக அடர்ந்திருக்கிறது. அது பாலாறாகத்தான் இருக்க வேண்டும்.

7 ஜனவரி 2024, இரவு

காலையில் எழுதியது தவறு. படத்தின் ஓரத்தில் உள்ள நிற அளவுகோலைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். அதில் அடர்ந்த நிறம் உப்பு மிகுந்த நீரையும், வெளிறிய நிறம் நன்னீர் கலந்த நீரையும் குறிக்கின்றன. எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அளவுகோலைப் படியுங்கள் என்று பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை அதட்டியவன் நான் என்பதை என் மனைவி நினைவூட்டினார்.

சரியாகப் படித்தால் படம் வேறு விதமாக இருக்கிறது. பட்டையின் மிக வெளிறிய பகுதி வயலூருக்கு நேரே இல்லை. வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிறது.

9 ஜனவரி 2024

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுவதும் குறையாமல் ஓடினால் 8.64 டி.எம்.சி. ஆகிறது, கன மீட்டரில் சொன்னால் 24 கோடிக்குச் சற்று மேல். நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் கடலின் உப்பை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டாரத்துக்குச் சராசரியாகத்தான் பார்க்கிறது. அந்த ஒரு நாள் நீர் முழுவதையும் 1,600 சதுர கிலோமீட்டரில் பரப்பினால் 15 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். கடலின் மேல் பத்து மீட்டர் நீரோடு அது நன்றாகக் கலந்துவிட்டால், ஆயிரத்துக்கு 33 பங்கு இருந்த உப்பு 32.5 பங்காகும். அரைப் பங்குதான் வேறுபாடு. ஒரு வாரப் படத்தில் அந்த அரைப் பங்கை உண்மையான மாற்றம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 15 சென்டிமீட்டர் என்பது ஒரு தாழ்வு மண்டலம் ஓரிரு நாளில் நேராகக் கடல்மேலேயே கொட்டிவிடக்கூடிய மழை. வேலூரில் பெய்து ஏரிகளை நிரப்பி, மிஞ்சியது ஆறாக ஓடிக் கடலைச் சேர்வதற்குள், வானம் அதே அளவு நீரை நேரே கடலுக்குக் கொடுத்துவிடுகிறது.

அமேசானோடு ஒப்பிட்டீர்கள். அந்த ஆறு ஆண்டு முழுவதும் சராசரியாக நொடிக்கு இரண்டு லட்சம் கன மீட்டர் நீரைக் கடலில் சேர்க்கிறது. நம் கணக்கில் அது எழுபது லட்சம் கன அடி. நம்முடைய நூற்றாண்டு வெள்ளத்தை எழுபது மடங்காக்கி, அதை ஆண்டு முழுவதும் நிறுத்தாமல் ஓடவிட்டால்தான் அமேசானின் சாதாரண நாள் வரும்.

11 ஜனவரி 2024

உப்பை ஒரு கோள் எப்படி அறியும், அது நக்கியா பார்க்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி கேலியாக இருந்தாலும் நியாயமானது.

எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கும் தன்மைக்கும் ஏற்ப மிக மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. உப்பு நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். மின்கடத்தல் கூடக் கூட, 1.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்த நீர் வெளியிடும் கதிர்வீச்சு குறைகிறது. அதனால் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் நன்னீர் சற்று வெளிச்சமாகவும் உப்புநீர் சற்று மங்கலாகவும் தெரியும். இந்த வெளிச்சத்தை வெப்ப அளவான கெல்வினில் சொல்வது வழக்கம்; ஒரு பங்கு உப்பு கூடினால் ஏற்படும் மாற்றம் ஒரு கெல்வினுக்கும் குறைவு. வெதுவெதுப்பான கடலில் மாற்றம் கொஞ்சம் தெளிவாகவும், குளிர்ந்த கடலில் இன்னும் மங்கலாகவும் இருக்கும். அந்த வகையில் வங்கக் கடல் இந்த வேலைக்கு இணக்கமானது.

ஐரோப்பியர்கள் 2009 நவம்பரில் ஏவிய ஸ்மோஸ், மூன்று கைகளில் பரப்பிய 69 சிறு ஏற்பிகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது. நாசாவும் அர்ஜென்டினாவும் சேர்ந்து 2011 ஜூனில் அனுப்பிய அக்வேரியஸ் 2015 ஜூனில் நின்றுபோயிற்று. 2015 ஜனவரியில் போன ஸ்மாப்பின் வேலை மண்ணின் ஈரத்தை அளப்பது. ஆறு மீட்டர் அகலமுள்ள சுழலும் வலைக்கிண்ணம் அதில் இருக்கிறது. அதன் ராடார் சில மாதங்களிலேயே செத்துவிட்டது. மிஞ்சிய கதிர்மானி, அதாவது இந்தக் கதிர்வீச்சை அளக்கும் கருவி, இன்றுவரை வேலை செய்கிறது. கடலின் உப்பையும் அதுவே சேர்த்துப் பார்க்கிறது. நான்கு பேர் வேலையை ஒருவர் செய்யும் நம் அலுவலகங்கள் நினைவுக்கு வருகின்றன.

இந்த அதிர்வெண் வரிசையில் பூமியிலிருந்து எவரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அண்டவெளி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையை வானியலாளர்கள் கேட்பது இந்த வரிசையில்தான். இருந்தும் ஸ்மோஸ் மேலே போன பிறகு, பல நாடுகளில் இந்த வரிசையில் கருவிகள் இரைந்துகொண்டிருப்பது தெரிய வந்தது.

12 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்த அதிர்வெண்ணில் கடல் ஏறத்தாழ நூறு கெல்வின் வெளிச்சத்தில் தெரிகிறது. நிலம் இருநூற்றைம்பதுக்கும் மேல். கோளின் பார்வை வட்டத்துக்குள் நூற்றில் ஒரு பங்கு நிலம் நுழைந்தாலே ஒன்றரைக் கெல்வின் கூடிவிடும். அதைக் கடலின் வெளிச்சம் என்று எண்ணிக் கணித்தால், உப்பு இரண்டு மூன்று பங்கு குறைந்ததாக விடை வரும். ஆறே இல்லாத கரையிலும் ஒரு பொய் ஆறு கலப்பது போலத் தோன்றும்.

படம் தயாரிப்பவர்கள் இதை அறிந்து திருத்துகிறார்கள். திருத்த முடியாத கரையோரக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அழகுக்காக இடைவெளிகளை நிரப்பி வெளியிடும் படங்களும் உலவுகின்றன. நண்பர் பார்த்த படத்தில் நிறம் சதுரங்கப்பட்டினத்து மணல்வரை சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியிருப்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது.

ஆக, உப்பை அறியும் கோள் ஆற்றின் வாயைப் பார்ப்பதில்லை. வாயிலிருந்து வெளியேறிய நீர் பிறகு எங்கே போயிற்று என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அமேசானின் நீர் நாற்பது கிலோமீட்டரில் நின்றுவிடாமல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் போவதால் அது கண்ணில் படுகிறது. 2011இல் காட்டியா என்ற சூறாவளி அந்த அமேசான், ஒரினோகோ ஆறுகளின் நன்னீர்ப் படலத்தைக் கடந்து சென்றபோது அடியிலிருந்த உப்புநீரை மேலே கிளறிவிட்டது. அது போன வழியில் உப்புக் கூடியிருந்ததை அக்வேரியசும் ஸ்மோசும் பதிந்தன.

14 ஜனவரி 2024

நாளை பொங்கல். வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். 9ஆம் தேதி போட்ட கணக்கு மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததால் அதை மறுபடி எடுத்தேன்.

2021 டிசம்பரில், வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆன பிறகு, வயலூர் வரை போய் வந்தேன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, கல்பாக்கம் என்று மூன்று பேருந்துகள் மாறினேன். கையில் உப்பு பார்க்கும் சிறு குழல் ஒன்று இருந்தது; ஒரு துளி நீரைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு எங்கே நிற்கிறது என்று சொல்லும். சர்பத் புட்டியின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையில் தனிக்கயிறு போட்டு, அடியிலிருந்து நீர் மொள்ள ஒரு கருவியும் செய்திருந்தேன். படகுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்; ஆனாலும் ஏற்றிக்கொண்டார். முதல் முறை தக்கை பாதி வழியிலேயே பிடுங்கிக்கொண்டது. இரண்டாம் முறை கயிறு என் கடிகாரத்தில் மாட்டியது. மூன்றாம் முறை சரியாக வந்தது. முகத்துவாரத்துக்கு நேரே, மேலிருந்து கையால் அள்ளிய நீரில் இருந்த உப்பு, இரண்டு ஆள் ஆழத்திலிருந்து வந்த நீரின் உப்பில் ஏறத்தாழ பாதிதான். “மேல் தண்ணி ஆத்துத் தண்ணி, கீழ கடல் தண்ணி, காத்து அடிச்சாத்தான் ரெண்டும் கலக்கும்” என்று படகுக்காரர், நான் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்ற குரலில் சொன்னார்.

9ஆம் தேதிக் கணக்கில் நான் மறந்தது இதைத்தான். நன்னீர் எடை குறைந்தது. உடனே பத்து மீட்டருக்குக் கலந்துவிடாது, படலமாக மிதக்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மட்டுமே கலந்திருந்தால், அதே 15 சென்டிமீட்டர் நீர் 33 பங்கு உப்பை 28, 29 ஆகக் குறைத்துவிடும். மேலும் கோள் பார்ப்பது கடலின் மேல் ஒரு சென்டிமீட்டர் அளவை மட்டுமே. ஆகவே தெரியாது என்று நான் முடிவு கட்டியது அவசரம். கரையிலிருந்து போதிய தொலைவுக்கு அந்தப் படலம் போயிருந்தால் தெரிந்திருக்கவும் கூடும்.

20 ஜனவரி 2024

போயிருக்குமா என்பதுதான் இனிக் கேள்வி. வட அரைக்கோளத்தில், பூமியின் சுழற்சியால் ஆற்று நீர் கடலில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பும். கிழக்கு நோக்கி விழும் பாலாற்றுக்கு வலப்பக்கம் தெற்கு. நவம்பரில் கரையோர நீரோட்டமும் வடக்கேயிருந்து தெற்கேதான் ஓடுகிறது. ஆகவே நம் வெள்ளம் கரையைத் தழுவிக்கொண்டு மரக்காணம், புதுச்சேரிப் பக்கம் போயிருக்கும். பழவேற்காட்டுக்கு ஏறிப் போயிருக்க வழியில்லை.

அப்படியானால் வடக்கே இருந்த அந்த வெளிறிய நீர் யாருடையது? கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் அந்த வாரம் ஓடின என்பது உண்மை. ஆனால் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வந்தது. தென்மேற்குப் பருவமழையில் கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கொண்டுவந்து குவிக்கும் நன்னீர், மழைக்காலம் முடிந்ததும் கரையோர நீரோட்டத்தில் ஏறித் தெற்கே பயணப்படுகிறது. நூறு கிலோமீட்டர் அகலமுள்ள இந்த ஓட்டத்துக்குக் கடலுக்குள் ஓர் ஆறு என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் அது வடக்கு வங்கக் கடலிலிருந்து குமரிமுனைவரை வந்துவிடுகிறது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவை கோள்கள் அல்ல. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கரையோர மீனவர்களிடம் புட்டிகளைக் கொடுத்து, ஐந்து நாளைக்கு ஒரு முறை கடல்நீரை மொண்டு தரச் சொன்னார்கள். பல ஆண்டுகள் சேர்ந்த அந்தப் புட்டிகளில்தான் இந்த ஆறு பிடிபட்டது. என் சர்பத் புட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே, ஆற்காட்டு நண்பரே, உங்கள் படத்தில் இருந்தது பெரும்பாலும் இமயத்தில் பெய்த மழை. நம் பாலாறு அதன் ஓரத்தில் கரையோடு ஒண்டிக்கொண்டு போயிருக்கும்.

21 ஜனவரி 2024

மனம் உடைந்துவிட்டதாக நண்பர் எழுதியிருக்கிறார். உடைய வேண்டாம். உப்புப் படத்தில் தெரியாதது நிறப் படத்தில் தெரியலாம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

10 பிப்ரவரி 2024

நேற்று முன்தினம் கடலின் நிறத்தைப் பார்க்கும் நாசாவின் பேஸ் கோள் மேலே போயிருப்பதால் நிறத்தைப் பற்றி எழுத இதுவே பொருத்தமான நாள்.

ஆறு கடலில் இரண்டு வகை நிறங்களைச் சேர்க்கிறது. ஒன்று வண்டல், மிதக்கும் மண் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கடல் பழுப்பாகவும் வெளிறியும் தெரியும். மற்றொன்று கரைந்த நிறம். இதை விளக்க எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பாடம் தேவையில்லை. என் தாத்தா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தொட்டியில் ஆவாரம்பட்டையை ஊறவைத்தால் மூன்றாம் நாள் தண்ணீர் டிகாக்‌ஷன் போல ஆகிவிடும். துணியில் வடிகட்டினாலும் நிறம் போகாது. காட்டிலிருந்து இலையும் பட்டையும் ஊறி வரும் ஆற்று நீரும் அப்படித்தான். அது நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. கடல்நீர் கலக்கக் கலக்க அந்த நிறம் வெளுத்துக்கொண்டே போவதால், நிறத்தை வைத்தே உப்பை மதிப்பிடும் வழியும் உண்டு. உப்பறியும் கோளால் நெருங்க முடியாத கரையோரத்தில் இந்த வழி உதவும்.

சிக்கல் என்னவென்றால் பாசி நுண்ணுயிர்களும் நீல ஒளியை விழுங்குகின்றன. ஏழெட்டு நிறங்களை மட்டும் பார்க்கும் பழைய கருவிகள் பட்டைத் தண்ணீரையும் பாசியையும் குழப்பிக்கொள்ளும். பேஸ் புற ஊதாவிலிருந்து தொடங்கி இடைவிடாமல் நூற்றுக்கும் மேற்பட்ட நிறக் கூறுகளைப் பார்ப்பதால் இரண்டையும் பிரித்தறிய முடியும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம்முடைய இஸ்ரோவும் இத்துறையில் பழைய கை. கடல் நிறம் பார்க்கும் ஓஷன்சாட் வரிசையின் முதல் கோள் 1999 மே மாதத்திலேயே போயிற்று; மூன்றாவது 2022 நவம்பரில் போயிற்று. இரண்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஏவப்பட்டவை.

ஆனால் நிறம் பார்க்கும் கோளுக்கு மேகம் விலக வேண்டும். வெள்ளம் வருவதோ மேகம் மூடிய நாளில். மேகம் கலைந்த பிறகு கிடைப்பது வெள்ளத்தின் வால் மட்டுமே.

25 பிப்ரவரி 2024

வெள்ளத்தை விட்டுவிட்டு வறட்சியைப் பாருங்கள் என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை.

நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் கோள் வரிசை 1972இல் தொடங்கியது. 2008 முதல் அதன் பழைய படங்கள் எல்லாம் இலவசம். 30 மீட்டர் நுணுக்கத்தில் ஒரு கழிமுகத்தின் நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சீனத்தின் மஞ்சள் ஆறு. 1976இல் அதன் கடைவாயை மனிதர்கள் வேறு பக்கம் திருப்பினார்கள். புதிய வாயில் வண்டல் சேர்ந்து கடலுக்குள் ஒரு மூக்கு முளைப்பதையும், கைவிடப்பட்ட பழைய வாயைக் கடல் அரித்துத் தின்பதையும் படங்களில் காணலாம். 1996இல் மறுபடி திருப்பினார்கள். மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அதே ஆறு 1997இல் 226 நாள் கடலைத் தொடவே இல்லை. அதன் பிறகு நீரைப் பங்கிடுவதில் கடுமையான ஒழுங்கு கொண்டுவந்து மறுபடி கடல்வரை ஓடவைத்தார்கள்.

226 நாள் என்பது அவர்களுக்குப் பேரிடர். நமக்கு அது ஈரமான ஆண்டு.

வயலூர்ப் படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முகத்துவாரத்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு ஒரு வெண்மையான மணல்மேடு கிடக்கிறது. கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலைத் தள்ளிவிட ஆற்றில் நீர் இல்லாததால், கடலே கதவைச் சாத்திக்கொள்கிறது. மேலே ஆற்றுமணலை அள்ளியவர்கள் இந்த மணலை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அது உப்பு மணல்.

18 ஆகஸ்ட் 2024

ஸ்வாட் கோள் பாலாற்றைப் பார்க்குமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து 2022 டிசம்பரில் அனுப்பிய கோள் அது. பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ராடார் ஏற்பிகள் ஒரே எதிரொலியைக் கேட்டு, அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து நீர்மட்டத்தைக் கணிக்கின்றன. மேகம் அதற்குத் தடையில்லை. கடல்மட்டமும் ஆற்றுமட்டமும் ஒரே படத்தில் கிடைப்பதால், ஓதம் ஆற்றுக்குள் எதுவரை ஏறுகிறது என்பதையும் பார்க்கலாம். நூறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளை அளப்பது அதன் இலக்கு. பாலாற்றின் அகலம் அதற்குத் தாராளமாகப் போதும். அந்த அகலத்தில் அளப்பதற்கு நீர் இருக்க வேண்டும். தவிர, அது 21 நாள் சுற்றில் வருகிறது. நம் வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிடும்.

3 டிசம்பர் 2024

சென்ற சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. வேலூரில் ஆறு அவ்வளவாக இல்லை. ஆனால் செய்யாற்றில் வெள்ளம் வந்திருக்கிறது. அது திருமுக்கூடலில் பாலாற்றில் சேர்ந்து கீழே போகிறது. சதுரங்கப்பட்டினத்தில் உள்ள தம் மைத்துனரிடம் கேட்டதாகவும், முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து நீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதாகவும் ஆற்காட்டு நண்பர் எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போகலாம். வயலூருக்கு நேரே ஓரிடம், தெற்கே இரண்டு இடம், வடக்கே ஓரிடம். ஒவ்வொன்றிலும் மேல்நீர் ஒரு புட்டி, இரண்டு ஆள் ஆழத்து நீர் ஒரு புட்டி. வடக்குப் புட்டியில் பாலாறு இருக்காது என்பது என் பந்தயம். இருந்தால் ஜனவரி 20ஆம் தேதிக் குறிப்பையும் திருத்தி எழுதுகிறேன். எட்டுப் புட்டிகள் என்னிடம் இருக்கின்றன. தக்கைக்குப் பதிலாக இந்த முறை ரப்பர் மூடி வாங்கிவைத்திருக்கிறேன். கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.